கோமு மூழ்கிய காட்சி

முக்கூடல் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தைப் போட்டார்கள். வெளிவந்து முப்பது வருடமான படம். பாதிக்கு மேல் இந்த ஊர் ஆற்றங்கரையில் எடுத்தது. பெரியவர்கள் வசனங்களை முந்திக்கொண்டு சொன்னார்கள். பதினாறு வயது ப்ரீதாவுக்கு எரிச்சலாக வந்தது.

கதை இதுதான். பரீட்சையில் தோற்று, அப்பாவிடம் அடி வாங்கித் திரிகிற ஒரு பையன். ஒருநாள் ஆற்றில் மூழ்கப்போன பெண்ணைக் குதித்துக் காப்பாற்றுகிறான். அன்றோடு பெரிய ஆளாகிவிடுகிறான். அப்பா தோளில் கை போட்டுக் கூட்டிப்போகிறார். மண்டபமே கண்ணைத் துடைத்தது. அந்தப் பெண் அப்புறம் வீட்டுக்குப் போனாளா, காய்ச்சலில் படுத்தாளா, யாருக்கும் கவலையில்லை. படத்தில் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அந்தப் பெண் ப்ரீதாவின் அம்மா கோமு. படம் எடுக்க வந்தவர்கள் ஊர்ப் பெண்களுக்குள்ளே தேடி அவளைப் பிடித்துப் போட்டது. அதற்குத்தான் இன்று மேடையில் சால்வை. அப்பா பெருமாள்ராஜ் தென்காசிக்காரர். கோமுவைப் பெண் பார்க்க வரும் முன்பே படத்தில் பார்த்து மயங்கியவர். முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

ப்ரீதாவின் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. திருநெல்வேலியில் நீச்சல் பழகுவதற்குப் பள்ளியில் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பெயரும் வந்தது. கோமு ஒரே பேச்சாக முடியாது என்றுவிட்டாள். ஆற்றுப் பக்கமே மகளை விட்டதில்லை அவள். படத்தில் நடித்தபோது பயந்துபோனவள், அதிலிருந்து தண்ணீர் என்றாலே ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள். ப்ரீதாவும் நம்பியிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அம்மாவோடு படித்த ஹமீது பீவி. மூழ்குகிற காட்சி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்கம்மைக்கா நீச்சல் தெரியாது? அக்கரைக்குப் போயிட்டு அப்படியே திரும்பி வருவா. காப்பாத்துற மாதிரி நடிச்சானே, அந்தப் பயலுக்குத்தான் தெரியாது. ஒத்திகையில முங்கிப்போனவன முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்ததே அவதான்."

ப்ரீதா திரையைப் பார்த்தாள். அம்மா கையை உதறித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து அப்பா பைக்கில் முன்னால் போய்விட்டார். நடந்து வரும்போது ப்ரீதா கேட்டுவிட்டாள். கோமு மறுக்கவில்லை. படம் வந்த பிறகு படித்துறையில் இறங்கினாலே, தூக்கிவிட வரட்டுமா என்று மேலே நின்று பையன்கள் கத்துவார்களாம். ஒருவன் நிஜமாகவே குதித்து இடுப்பைப் பிடித்தான். அதோடு கோமுவின் அப்பா அவளை ஆற்றுக்குப் போகக் கூடாது என்றுவிட்டார்.

"தப்பு செஞ்சது அவனுவ. என்னைய ஏம்மா தடுக்க?"

"அந்தக் கதி ஒனக்கும் வரணுமாட்டி?"

திருநெல்வேலியில் நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம், டீச்சர் கூடவே நிற்பார்கள் என்று ப்ரீதா சொல்லிப் பார்த்தாள். கோமு நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் காலை பி.டி. டீச்சரே, ப்ரீதாவை நீச்சலுக்கு அனுப்பச் சொல்லி அப்பாவுக்குப் போன் போட்டார்.

"அவ அம்மைக்கே தண்ணின்னா பயம் டீச்சர். படத்துல பாத்திருப்பீயளே" என்றார் அப்பா, பெருமையாக.

போனை வைத்ததும் ப்ரீதா அடுப்படிக்குப் போய், இப்போதாவது அப்பாவிடம் சொல் என்று அம்மாவை உலுக்கினாள். கோமு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்ற அவரிடம் நிதானமாகச் சொன்னாள். தனக்கு நீச்சல் தெரியும், அந்தப் பையனை இழுத்துப் போட்டதே தான்தான் என்றாள்.

பெருமாள்ராஜ் சிரித்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"படத்துல அப்படி இல்லியே கோமு" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஏதோ மறந்துபோய்விட்டது என்பதுபோல் பரிவாகவே சொன்னார்.

கோமு அடுப்பை அணைத்தாள். அவர் கையிலிருந்த போனை வாங்கி டீச்சரைக் கூப்பிட்டாள். மகள் வருவாள், தனக்குச் சம்மதம் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ பதில் வந்தது. கோமுவின் முகம் தொங்கிப்போயிற்று. ப்ரீதாவின் இடத்தில் இப்போதுதான் வேறு பிள்ளையைச் சேர்த்தார்களாம். அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

அடுத்த வருடம் ப்ரீதா பிளஸ் டூ. பிளஸ் டூ பிள்ளைகளை அந்தப் பள்ளியில் மைதானத்துக்கே விடமாட்டார்கள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா" என்றாள் ப்ரீதா.

அப்பா தட்டோடு வந்து தோசை கேட்டார்.

"மாவு அங்கன இருக்கு. ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கோமு கொல்லைப்பக்கம் போனாள்.

ப்ரீதா சாப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.