பால் காய்ச்சாத வண்டி

ஏழுமலை வண்டியின் உட்சுவருக்கு இரண்டாம் பூச்சு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கஹவத்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்கிறவன். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய வேன் அச்சில் இரண்டு சக்கரம் பூட்டி, பலகையும் தகரமுமாக ஒரு குட்டி வீட்டையே கட்டி நிறுத்திவிட்டான். லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் கொளுவினால் இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

எல்லாம் பெண்சாதி கிருஷ்ணகுமாரிக்காக. முதுகெலும்பில் நோய் இறங்கி, பஸ்ஸில் உட்கார முடியாமல் போயிற்று. வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். நாற்பத்தேழு வயது, கடலைக் கண்ணால் கண்டதில்லை. படுத்தபடியே ஹம்பாந்தோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

கஹவத்தை மழை லேசுப்பட்டதா? காலையில் அடித்த பெயின்ட் பொழுது சாயும்போதும் விரலில் ஒட்டியது.

"ஒருக்கா உள்ள படுத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"பால் காய்ச்சாத வீட்டுல படுக்கப்படாது குமாரி. பெயின்ட் காயட்டும். வெள்ளிக்கிழம நல்ல நாளு."

"வீடா இது? வண்டிதானேங்க."

"நீ தூங்கப்போறல்ல, அப்ப வீடுதான்."

அவள் சிரித்தாள். பெயின்ட் கொடுத்த ஹார்ட்வெயார் கடை நுஹ்மான்கூடச் சொல்லிப் பார்த்தார். "நாள் கெடக்கட்டும் ஏழுமலை, இழுத்துக்கிட்டுப் போங்க. போற வழியில காஞ்சிரும்."

"இல்ல நுஹ்மான் நானா, மொறையா செஞ்சிருவோம்" என்றான். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கண் விழிக்கவில்லை. அன்று மத்தியானமே வெயில் வந்தது, பாழாய்ப்போன வெயில். பெயின்ட் ஒரே மூச்சில் காய்ந்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் ஏழுமலை மண்ணெண்ணெய் அடுப்பை வண்டிக்குள் கொண்டுபோனான். சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்று லயத்தில் தடுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. பால் பொங்கி வழிந்ததும் ஒரு டம்ளரில் ஊற்றி, கட்டில் தலைமாட்டில் வைத்தான்.

"நாளு பாத்தேனே, பாவி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

பிறகு கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் படுத்தான். அவள் உயரத்துக்கு அளந்து அறுத்த பலகை. கால் இரண்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மடக்கிப் பார்த்தான், ஒருக்களித்துப் பார்த்தான். அவனால் அதில் படுக்க முடியவில்லை.