சுவருக்கு அந்தப் பக்கம்

அக்கா, நண்டு நன்றாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. இப்போது கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள், மீதியை அப்புறம் கேள். நீ போன் செய்தால் உன் மகளே "அம்மா, சுவர் விழுந்துச்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் வாயிலிருந்து அரையும் குறையுமாகக் கேட்டு நீ பதறுவதைவிட நானே இப்படிப் பேசி அனுப்பிவிடுவது மேல். கேட்டுவிட்டு, அவளை என்னிடமே விட்டு வைப்பதா, அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டு நீயே வந்து பார்த்துக்கொள்வதா என்று முடிவு செய்.

பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடுகிறோம், பெற்றோர்கள் வந்து கை கொடுங்கள் என்று டீச்சர் கேட்டிருந்தார். உனக்குப் பதில் நான் போனேன். லீவு நாளில் அறைக்குள்ளேயே கிடப்பதற்கு நாலு பேர் முகத்தையாவது பார்க்கலாமே என்று நினைத்தேன்.

மண் ஏற்றி வந்த லாரி பின்பக்கச் சந்துக்குள் நுழையவில்லை. அதனால் லாரியிலிருந்து தோட்டம் வரை வரிசையாக நின்று வாளிகளைக் கை மாற்றி அனுப்பினோம். வந்தவர்களில் ஒரு கொத்தனார் இருந்தார். தோள் பலமுள்ளவர் என்று அவரை லாரி மேலேயே நிறுத்தி மண் அள்ள விட்டார்கள். வரிசையில் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் நின்று வாளி நீட்டியவள் ஒரு தையல்காரம்மா. அவளுக்குக் கையைவிட வாய் வேகம்.

"ஏம்மா, வாளியப் பிடிக்கிறியா, கொஞ்சுறியா?"

"கையில வலு இல்லக்கா."

"இந்த லட்சணத்துல நாளைக்குப் புருஷன எப்படித் தாங்கப் போற?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே வந்த பிறகு இப்படி நாலு பேரோடு சேர்ந்து நான் சிரித்ததே இல்லை.

தோட்டத்துக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் ஒரு பழைய சுவர், ஒற்றைச் செங்கல் கனம்தான். பாத்தி கட்டும் வரை மண்ணைச் சுவரோரம் கொட்டி வைக்கச் சொன்னார் டீச்சர். கொட்டினேன். தூசி பறக்கிறது என்று யாரோ குழாயை நீட்டி நனைத்தார்கள். மண் ஏறிக்கொண்டே போனது, தண்ணீரையும் குடித்துக்கொண்டே இருந்தது. சுவரைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் லாரி மேல் நின்றார். எங்கள் கண்ணெல்லாம் அடுத்த வாளியில்.

நண்டை வெயில் படாமல் சுவருக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்கார வைத்தது நான்தான், அக்கா. விதைகளைப் பிரித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

"பாட்டில்ல தண்ணி இல்ல சித்தி."

"அப்புறம் பாக்கலாம். இங்கேருந்து எழுந்திரிச்ச, கால ஒடிச்சிருவேன்."

சத்தம் கூடப் பெரிதாக இல்லை. கனமான கதவைச் சாத்தினாற்போல ஒன்று கேட்டது, அவ்வளவுதான். வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சைக்கிள்கள் தெரிந்தன. அங்கே சைக்கிள்கள் தெரியக் கூடாது என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மண் இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் நண்டு. கையை மட்டும் நீட்டினேன். தையல்காரம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள ஒரு புள்ள இருக்குய்யா" என்றாள் மெதுவாக.

கொத்தனார் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தார். "யாரும் மேல ஏறாதீங்க. மிதிச்சா இன்னும் அமுங்கும். அப்படியே நில்லுங்க, கல்லக் கை மாத்தி வெளிய அனுப்புங்க."

மண் வந்த அதே வரிசையில் இப்போது செங்கல் திரும்பிப் போனது. அவர் உருவி என்னிடம் கொடுத்தார், நான் பின்னால் கொடுத்தேன். நடுவில் ஒரு சின்னச் செருப்பு வந்தது. அதை அவர் என் கையில் கொடுக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். எனக்கு அழுகை கூட வரவில்லை. கல் வந்தது, வாங்கினேன், கொடுத்தேன்.

ஒரு கல்லை வாங்கிய கை தாழ்வாக இருந்தது. சின்னதாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

நண்டு வெறுங்காலோடு நின்றாள். கழுத்தில் பாட்டில். கல் கனம் தாங்காமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "யாரத் தேடுறீங்க சித்தி?" என்றாள்.

தையல்காரம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் மட்டும் கையை நிறுத்தவில்லை.

"பாப்பா, உன்கூட வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்ல. செருப்பு மட்டும்தான்."

அப்புறம்தான் அவர் முதுகை நிமிர்த்தினார்.

தாகம் தாங்காமல் முன்பக்கக் குழாய்க்குப் போயிருக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்டால் நான் பிடித்துவிடுவேன் என்று அங்கேயே கழற்றி வைத்துவிட்டாள். திரும்பி வந்தால் பெரியவர்கள் கல் கடத்துகிறார்கள், இவளும் நடுவில் புகுந்து நின்றுகொண்டாள். என்னைத் தவிர அந்த வரிசையில் யாருக்கும் இவள் முகம் தெரியாது.

என் பேச்சைக் கேட்டிருந்தால், அக்கா...

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அம்மாகிட்டப் போறியா?"

"நீ அடிப்பியா?"

"எதுக்கு?"

"சொன்ன இடத்துல இருக்கலைல்ல."

"அடிக்க மாட்டேன்."

"அப்ப இங்கயே இருக்கேன்."

அவள் சொல்வதைக் கணக்கில் எடுக்காதே, அவளுக்கு இன்னும் என்ன நடந்தது என்றே முழுதாகத் தெரியாது. நீ வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அவள் துணிகளை மடித்து வைக்கிறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் பதிலை எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. திட்டுவதானாலும் கூப்பிட்டுத் திட்டு.