வாசலில் நின்ற யூரியா மூட்டை

இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்துக்குத் தடை போட்ட அன்று, அநுராதபுரத்துப் பக்கம் அந்த ஊரில் சந்தோஷப்பட்டவன் ஹீன்பண்டா ஒருவன்தான். உரம் வாங்க டாலர் இல்லை, அதனால்தான் இந்தக் கூத்து என்று ஊர் திட்டியது. அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மனைவி சோமாவதி சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கிக் கிடந்தாள். கிணற்றில் இறங்கிய உரம்தான் காரணம் என்று நம்பினான். டாக்டர்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் யூரியாவை வைக்கோலுக்கடியில் ஒளித்தபோது, இவன் தன் மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தான்.

அறுவடையில் அவன் வயல் மட்டும் பதராய்ப் போனது. விகாரையில் புத்தருக்குப் புது அரிசி படைக்கும் நாளில் வெறும் பாத்திரத்தோடு நின்றான்.

"என்னடா, புத்தருக்கும் பத்தியமா?" என்று சிரித்தான் பக்கத்து வயல்காரன் பியசேன. பிறகு தன் அரிசியில் ஒரு பிடி அள்ளிப் போட்டான். ஒளித்து வைத்த யூரியாவில் விளைந்த அரிசி. ஹீன்பண்டா அதையே படைத்தான்.

அடுத்த போகத்துக்குள் தடை நீங்கியது. ஊர் பட்டாசு வெடித்தது. ஹீன்பண்டா புது யூரியா மூட்டை ஒன்றை வாங்கிச் சுமந்து வந்து, உள்ளே வர மனசில்லாமல் வாசலிலேயே நின்றான்.

"ஏன் நிக்கிறீங்க? போய் வயலுக்குப் போடுங்க," என்றாள் சோமாவதி, பாயில் கிடந்தபடி. "புள்ளைங்க எலும்பும் தோலுமா ஆயிடுச்சுங்க."

"உனக்கு...?"

"எனக்கு இனிமே என்ன ஆகப்போவுது? அதுங்களுக்குக் கிணத்துத் தண்ணியை மட்டும் குடுத்துடாதீங்க."

சரி என்று தலையாட்டினான்.

அந்த ஊரில் வேறு தண்ணீர் கிடையாது.