நடுவில் இரண்டு பக்கம்

"நிறுத்துப்பா!"

படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிய தாரணி, கிளம்பிவிட்ட கூரியர் பைக்கின் மூட்டையை எட்டிப் பிடித்தாள். பின்னால் வந்த ஆட்டோ ஹாரனிலேயே திட்டியது.

"என்ன மேடம், உயிரை விடப் பாக்கறீங்க?"

"டிஸ்க் எல்லாம் திரும்ப வேணும்!"

அவன் முணுமுணுத்தபடி போனை நீட்டினான். மூட்டையைத் திரும்ப வாங்கியதற்குத் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

"கட்டத்துக்கு வெளியே போட்டுட்டீங்க மேடம்."

"பரவாயில்ல, விடு."

பிரேசர் டவுனின் அந்த மாடியில், பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்கள் தயாரிக்கிறார்கள். நிர்வாகி லாயிட் இடுப்பில் கைவைத்து நின்றார். கோளாறைக் கண்டுபிடித்தவர் இளங்கோவன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். டிஸ்க்கைக் கடைசியாகக் கேட்டுப் பார்ப்பது அவர் வேலை.

"கூட்டுவட்டிக் கணக்குல கேள்வி இருக்கு சார், விடை இல்ல. திடுதிப்புனு ரயில் கணக்கு வந்துடுது."

லாயிட் புத்தகத்தைப் புரட்டினார். நடுவில் இரண்டு பக்கம் பதிவாகவே இல்லை.

"ரகுராம் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டார். வாசிக்கிறவங்களுக்கு நடக்கறதுதான். ஆனா ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதே புத்தகத்தோட இன்னொரு காப்பியை வெச்சு, வரிக்கு வரி ஒப்பிட்டது யாரு?"

தாரணிதான். இந்த வேலை போனால் அவளுக்கு இன்னொரு வேலை கிடைக்காது. ஏன் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை பேங்க் எக்ஸாம். பசங்க இதைத்தான் நம்பியிருக்காங்க. சாயந்திரத்துக்குள்ள டிஸ்க் போயாகணும்."

லாயிட் ரகுராமுக்குப் போன் போட்டார். அவர் வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தார்; சாயந்திரத்துக்குள் வர வழியில்லை.

"சரி, நீயே படி தாரணி. குரல் மாறினா மாறட்டும்." லாயிட் போனை வைத்தார்.

"எனக்கு... தொண்டை சரியில்ல சார்."

இளங்கோவன் சிரித்தார். "இப்பதான் தெருவே அதிரக் கத்தினே!"

"அண்ணா, சும்மா இருங்க."

லாயிட் அவளை ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளாத குறை. கதவு மூடியது. எதிரே விரித்து வைத்த புத்தகம். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹெட்போனில் இளங்கோவனுக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது. வேகமாக, இன்னும் வேகமாக.

"பாட்டா பாடச் சொன்னேன்? படிம்மா!" ஸ்பீக்கரில் லாயிட் அதட்டினார்.

அவள் உள்ளங்கை பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவியது. ரகுராம் வாசித்துக் கேட்ட கேள்வியைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு பொய் சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் டிஸ்க் நேரத்துக்குப் போய்ச் சேருமா?

"வேற யாரையாவது கூப்பிடுங்க சார்," என்றாள் மைக்கில். "உடனே."

"ஏன்?"

"ஆள் தெரியுது, கதவு தெரியுது. எழுத்து மட்டும் பொங்கல்லேர்ந்து கண்ணுக்குத் தெரியல சார். ரகுராம் சார் தாள் புரட்டுற சத்தம் கேட்டுத்தான், இத்தனை நாளா நானும் புரட்டினேன்."