காலி இடத்துக்கு ஒரு கை

விருதுநகர்ப் பொருட்காட்சியில் ராட்டினம் ஓட்டும் முனியசாமிக்கு எரிச்சலாக வந்தது. பாதுகாப்பு விதிகளை இங்கிலீஷில் எழுதி மாட்டியிருந்தார்கள். சிவகாசியிலிருந்து கம்பெனி வேனில் வந்திறங்கிய வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு அதுவும் தெரியாது, தமிழும் தெரியாது.

“எந்திரிக்காதீகன்னு சொன்னா எவனுக்கு விளங்குது?” என்று முனகியபடி, தானே ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பூட்டிக் காட்டினார்.

அவர்களும் அப்படியே பூட்டினார்கள். கூடவே, பக்கத்தில் இருந்தவருக்கு முன்னால் ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டார்கள்.

இதை யார் சொல்லிக்கொடுத்தது?

பிறகுதான் உறைத்தது. உயரத்துக்குப் பயப்படும் மனைவி வெள்ளைத்தாய்க்காக நீட்டிப் பழகிய கை அது. அவள் செத்து வருஷம் ஒன்றாகியும், கம்பியைப் பூட்டிக் காட்டியபோது பக்கத்துக் காலி இடத்துக்கு முன்னால் தானாக நீண்டிருக்கிறது.

கடைசிப் பெட்டியில் ஒற்றையாக இருந்தவரும் காலி இடத்துக்கு முன்னால் கையை நீட்டியபடி காத்திருந்தார்.

எடுக்கச் சொல்ல முனியசாமிக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை.