எல்லா வீட்டு மாவு

தாடையைக் கட்ட ஒரு வெள்ளைத் துணி கேட்டார்கள். அழகன் எழுந்து குசினிக்குப் போனான். கொடியில் கிடந்ததெல்லாம் ஈரம். வெளுத்த துணி என்று ஒன்றுதான் கண்ணில் பட்டது. மூலையில் இருந்த பெரிய அலுமினியச் சட்டியை அது மூடியிருந்தது. அதை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். சட்டிக்குள் மாவு விளிம்பு வரை பொங்கியிருந்தது.

விடிகாலையில் ஜீவராணி பிசைந்து வைத்த மாவு. வைத்துவிட்டுக் கையைக் கழுவியவள், நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று பலகையில் உட்கார்ந்தாள். கம்பளியில் கிடத்தி டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே கம்பளியில் திரும்பத் தூக்கி வந்தார்கள். அதற்குள் இது தன் பாட்டுக்குப் பொங்கியிருக்கிறது.

துணியைப் பழையபடி மூடினான். உள்ளே போய், தன் வேட்டியில் ஒரு முழம் கிழித்து மனைவியின் தாடைக்குக் கொடுத்தான்.

கலியாணத்துக்கு முன்னால் ஜீவராணி ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தவள். தேயிலைத் தோட்டத்து லய வரிசைக்குப் பின்னால் தார்ப் பீப்பாயைச் சுற்றி மண் அணைத்து, பணிஸ் ரொட்டி சுட ஒரு போறணை கட்டியிருந்தாள். முதலில் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் அதில் நெருப்பு எரிந்தது. போன மழையில் மேல் லயம் மண்ணோடு சரிந்து, அங்கிருந்தவர்கள் கோயில் மண்டபத்துக்கு வந்த பிறகு அது தினமும் எரிந்தது. வீடு கட்ட ஆபத்தில்லாத நிலம் கேட்டு அவர்கள் தோட்ட ஆபிஸ் வாசல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அவர்களுக்குச் சுட்டுக் கொடுக்க வீட்டுக்கு ஒரு சுண்டு மாவு என்று ஜீவராணிதான் கேட்டு வாங்கினாள். மாவு கொடுக்க வந்த பெண்கள் போறணைச் சூட்டில் குளிர் காய்ந்தபடி நின்று பேசினார்கள். யார் எப்போது கேட்டில் உட்காருவது, தோட்டத் துரையிடம் யார் பேசுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அழகனுக்கு அதில் விறகு வேலை மட்டும். பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டைகளைப் பிளந்து அடுக்கிவிட்டு ஒதுங்கிவிடுவான்.

சித்தப்பா மயில்வாகனம் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். சடங்கு தெரிந்தவர்.

"இது என்னாடா?"

"பணிஸுக்குப் பிசைஞ்ச மாவு."

"கொண்டுபோய் ஆத்துல கொட்டு. தீட்டுப் பட்டது. யாரு திம்பா?"

அழகன் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகள் ஒன்றிலும் புகை இல்லை. லயத்தில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. மகள் கொழும்பிலிருந்து வந்து சேரவேண்டும். எடுப்பது நாளைக்குத்தான்.

உள்ளே அழுதுவிட்டுப் பேச்சியம்மா வெளியே வந்தாள். மேல் லயத்தில் வீட்டை இழந்தவள். கேட்டில் முதல் நாளிலிருந்து உட்காருபவள்.

"பாதிப் பேருதாண்ணே வந்திருக்கோம். கோவிச்சுக்காதீங்க. எல்லாம் மொத்தமா எந்திரிச்சு சாவு வீட்டுக்குப் போவும்னு தொரையோட ஆளுங்க அங்க பாத்துக்கிட்டே இருக்கானுங்க. லொறியில முள்ளுக்கம்பி வந்து நிக்கிது. எடத்த விட்டா வளைச்சு அடிச்சிருவானுங்க."

"நான் என்னாத்துக்குக் கோவிக்கிறேன்? அவ இருந்தா, பாதிப் பேரு எதுக்குடி வந்தீங்கன்னு ஏசியிருப்பா."

பேச்சியம்மா அழுகையோடு சிரித்தாள். "ஆமா. செத்தவ எங்கயும் ஓடிற மாட்டா, எடந்தான் ஓடிரும்னு சொல்லுவா."

"கேட்டுல எதாச்சும் சாப்புட்டாங்களா?" என்றான் அழகன்.

"காலையில வெறும் தேயிலைச் சாயத்தண்ணி குடிச்சோம். இங்கதான் எந்த வீட்லயும் அடுப்பு இல்லியே."

அவன் எழுந்தான். விறகு அடுக்கிலிருந்து கட்டைகளை உருவி, போறணைக்குள் ஒவ்வொன்றாகச் செருகினான். சத்தம் கேட்டு மயில்வாகனம் வந்தார்.

"அழகா, பொணம் கெடக்கயில நெருப்பு மூட்டுறியா? நாளைக்கி வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"மாவு பொறுக்காது சித்தப்பா."

"செத்த வீட்டு மாவுடா அது."

"இந்த வீட்டு மாவு மட்டுமா? லயத்துல எல்லா வீட்டு மாவும் அதுலதான் கெடக்கு. ஒங்க வீட்டுச் சுண்டு மாவும் கெடக்கு. எதைப் பிரிச்சு எடுத்து ஆத்துல கொட்டச் சொல்றீங்க?"

அவன் குரல் உயரவில்லை. மலைச்சரிவில் பனிமூட்டம் ஏறி இறங்கியது. கடைசியில் கிழவர் சுவரோரம் கிடந்த தகரம் ஒன்றை இழுத்து வந்து பின்வாசலில் சாத்தினார்.

"பொகை உள்ள போவாமப் பாத்துக்க. அவ மேல அடிக்கப் போவுது," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.

பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சுதர்ஷினி, ஒன் மாமியா கொண்டையாட்டம் உருட்டாத. சிறுசாப் புடி. எல்லாருக்கும் பத்தணும்," என்றாள் ஒருத்தி.

யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோரும் உள்வாசலைப் பார்த்து அடங்கினார்கள். அதன் பிறகு கைகள் மட்டும் உருட்டின. அழகன் தணலை ஒதுக்கி, தட்டுகளை உள்ளே தள்ளி, தகரக் கதவை மண்ணால் பூசி அடைத்தான். வெந்த வாசனை எழுந்து லயம் முழுக்கப் பரவியபோது, உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி கொஞ்ச நேரம் நின்றுபோனது. பிறகு ஒரே ஒரு குரல் மறுபடி தொடங்கியது.

பணிஸ்களைச் சுத்தமான சாக்குகளில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டுக்கு இறங்கினார்கள். கேட்டில் இருந்த மற்றப் பாதிப் பேர் ஜீவராணியைப் பார்த்து அழ மேலே ஏறி வந்தார்கள்.

மாலையில் பேச்சியம்மா திரும்பி வந்தபோது அழகன் இஸ்தோப்புத் திண்ணையில் தனியாக இருந்தான். பேப்பரில் சுற்றிய ஒரு பணிஸை அவன் கையில் வைத்தாள்.

"கம்பி இன்னும் லொறியிலயேதான் கெடக்கு. ராவைக்கும் ஆளு இருக்கு. நீங்க இத சாப்புடுங்க. காலையிலேர்ந்து பட்டினி."

அவன் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

உப்பு இல்லை.

மாவு பொங்கிய பிறகு ஜீவராணி உப்பு டப்பாவோடு சட்டிக்கு முன்னால் குந்தியிருப்பதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். முதலிலேயே போட்டால் இந்தக் குளிருக்கு மாவு எழும்பாது போலிருக்கிறது. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விறகைப் போட்டுவிட்டுத் தன் வழியே போயிருக்கிறான்.

"கேட்டுல எல்லாரும் சாப்புட்டாங்களா?"

"ஒன்னு மிச்சமில்லண்ணே."

"நல்லா இருந்துச்சா?"

பேச்சியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரோ சாயத்தண்ணி கொண்டு வந்து நீட்டினார்கள். அழகன் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அடுத்த துண்டைப் பிய்த்தான்.