நாலு எண்ணிக்கை

இருபத்திரண்டு வருடமாக யார் யார் பாட்டுக்கோ டிரம்ஸ் வாசித்தவனுக்குச் சொந்தப் பாட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஏழு நிமிடப் பாட்டு. அதில் இன்றைக்கு அவனிடம் மிச்சம் இருப்பது டிரம்ஸ் மட்டும்.

அவனை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருந்த குச்சிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத காலத்தில் வைத்த பெயர். ஆள் தொப்பை போட்டுவிட்டான், பெயர் இன்னும் இளைத்தே நிற்கிறது. தாளத்தில் அவனை அசைக்க ஆள் கிடையாது. ஆனால் சுருதிக்கும் அவன் தொண்டைக்கும் ஏழாம் பொருத்தம். வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துவார்கள். அந்த வெட்கத்தில் குளிக்கும்போதுகூடப் பாட மாட்டான்.

பாடத் தெரியாதவன் பாட்டு கட்ட வேண்டுமென்றால் துணைக்கு ஒருவன் வேண்டும். மச்சான் இருந்தான். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் உள்ள லிஃப்ட் மோட்டார் அறையின் சாவி அவனிடம் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் அங்கே ஏறிவிடுவார்கள். மச்சான் மடியில் ஒரு பழைய கீபோர்டு, குச்சிக்கு முன்னால் ரப்பர் ஒட்டிய பலகை. கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், நிற்கும், பிரேக் டக்கென்று விழும். அந்த ஓட்டத்தையும் டக்கையும் பிடித்துக்கொண்டு குச்சி வாசிக்க ஆரம்பிப்பான். வாசிக்க வாசிக்க அவன் தலைக்குள் ஏதோ ஏறும், இறங்கும். வாயால் சொல்லத்தான் வராது.

"மேல போகுது மச்சான். போயிட்டு, இறங்கலாமா வேண்டாமான்னு அங்கயே நின்னு யோசிக்குது."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கட்டைகளைத் தடவுவான். நாலு முறை தப்பும். ஐந்தாவது முறை குச்சியின் தலைக்குள் இருந்தது அப்படியே வெளியே கேட்கும். எப்படித்தான் தெரிந்ததோ, இருவருக்கும் கடைசி வரை விளங்கவில்லை.

மச்சான் போனை எடுத்துப் பதிவு செய்யப் பார்ப்பான். குச்சி விட மாட்டான். "அடுத்த ஞாயிறு வரைக்கும் ஞாபகத்துல நிக்கலன்னா அது மெட்டே இல்ல. போனா போகட்டும்" என்பான். பெரிய சட்டம்! அந்தச் சட்டத்துக்குத் தப்பி ஒன்பது மாதம் நின்ற மெட்டுதான் அந்தப் பாட்டு. அதில் மூன்றாவது நிமிடம் தாண்டி ஓரிடத்தில் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும். நாலு எண்ணிக்கை. அந்த நாலும் மச்சானுடையது. அவன் தனியாக வாசித்து முடிக்க, ஐந்தாவதில் குச்சி வந்து சேர்ந்துகொள்வான். எத்தனை முறை வாசித்தாலும் அந்த இடத்தில் குச்சிக்குப் புல்லரிக்கும்.

ஸ்டுடியோவில் டிரம்ஸைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று டிரம்ஸ்காரனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகக் கூடவே ஒருவர் மெட்டைச் சும்மா வாசித்துக்கொண்டு போவார். கைடு என்பார்கள். டிரம்ஸ் முடிந்ததும் கைடு குப்பைக்குப் போய்விடும். அன்றைக்கு மச்சான் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். விரலெல்லாம் கிரீஸ், பத்து இடத்தில் சறுக்கினான். ஆறாவது டேக்கில் டிரம்ஸ் அச்சாக அமைந்துவிட்டது.

"கைடு வேணுமா, அழிச்சிடவா?" என்று கேட்டார் சவுண்ட் என்ஜினியர்.

"அழிச்சிடுங்க" என்றான் குச்சி. "இருந்துச்சுன்னா இதுவே போதும்பான், சோம்பேறி."

மச்சானும் சேர்ந்து சிரித்தான். "அடுத்த வாரம் வந்து வாசிக்கிறேன். அப்ப பேசு மாப்பிள்ள."

அடுத்த வாரம் அவன் இல்லை. வியாழக்கிழமை மதியம் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அண்ணன் கடைசியா பண்ணின பாட்டு எப்படிங்க இருக்கும்? எனக்கு ஒரு தடவை கேக்கணும்."

"முடிச்சு எடுத்துட்டு வந்து போடறேன்."

"சும்மா பாடிக் காட்டுங்களேன்."

"என் தொண்டைல கேட்டா உங்க அண்ணனே எந்திரிச்சு வந்து அடிப்பான்."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அப்புறமும் இரண்டு முறை கேட்டுவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

மெட்டு அப்போது பத்திரமாகத்தான் இருந்தது. தினமும் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிரம்ஸை ஓடவிடுவான். தலைக்குள் மச்சான் வாசிப்பான், சறுக்கல் உட்பட. அந்த நாலு எண்ணிக்கை வரும்போது குச்சி மூச்சைப் பிடித்துக்கொள்வான். மச்சான் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

ஆனால் தலைக்குள் இருப்பதை மனைவிக்கு எப்படிக் கேட்க வைப்பது? ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரைத் தேடிப் பிடித்தான். நன்றாகக் கீபோர்டு வாசிப்பவள், பொறுமைசாலி. வேற்று ஆள்தானே என்று வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளிடம் பாடினான். அவள் முகம் சுளிக்காமல் கேட்டு, வாசித்துக் காட்டினாள்.

"இப்படியா சார்?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் தயங்கும்."

"இப்படி?"

"கிட்ட வந்துட்டீங்க."

கிட்ட வந்ததில்தான் வினை. எங்கேயோ தூரத்தில் போயிருந்தால் தப்பித்திருப்பான். இவன் பாட, அவள் வாசிக்க, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை நாற்பது முறை, ஐம்பது முறை என்று ஐந்து வாரம் கேட்டான். டீச்சர் வாசித்தது காதில் கேட்டது. மச்சான் வாசித்ததற்கு இவன் ஞாபகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசித்து முடித்துவிட்டு, "இதானே சார்?" என்றாள்.

"இதேதான்" என்றான் குச்சி.

சொல்லி வாய் மூடவில்லை, மச்சான் வாசித்ததைத் தலைக்குள் தேடினான். ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே எதுவும் இல்லை.

அங்கிருந்து நேராக அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போனான். புதிய மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கூத்தாடி மோட்டார் அறைக்குள் நுழைந்தான். மோட்டார் ஓடியது, நின்றது, பிரேக் டக்கென்று விழுந்தது. தொடையில் தட்டிக்கொண்டே காத்திருந்தான். தலைக்குள் டீச்சர் வாசித்ததுதான் வந்தது. மறுபடி தட்டினான், மறுபடியும் டீச்சர்தான். அவன் போட்ட சட்டப்படி பார்த்தால் அது மெட்டே இல்லை, போனால் போகட்டும். அந்த வாயை அங்கேயே சுவரில் மோதி உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. புதிய மெக்கானிக் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

டீச்சர் வாசித்ததை மனைவியிடம் போட்டுக் காட்டி, உன் அண்ணன் பாட்டு இதுதான் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? பன்னிரண்டு நாள் அதையே யோசித்தான். மனசு வரவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, டிரம்ஸை மட்டும் ஸ்பீக்கரில் போட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வெறும் தட்டல்தானே என்று எழுந்து போகவில்லை. மூன்று நிமிடம் தாண்டி டிரம்ஸ் நின்றதும், தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"இந்த எடம் அண்ணனோடதா? என்ன வாசிப்பான்?"

குச்சி ஸ்பீக்கரை நிறுத்தினான். "மறந்து போச்சு."

"எப்போ?"

"ரெண்டு வாரம் இருக்கும்." டீச்சர் கதையைச் சொன்னான். ஐம்பது முறை பாடிக் காட்டியதையும் சொன்னான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அந்தம்மாவுக்கு அம்பது தடவை பாடினீங்க. நான் கேட்டப்ப ஒரு தடவை பாடியிருக்கலாமில்ல?"

"என் தொண்டைல அது தப்புத் தப்பா..."

"தப்பாவே பாடியிருக்கலாம். நான் அவன்கூடவே வளர்ந்தவ. நீங்க எங்க சறுக்கினாலும், அவன் எங்க போவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இத்தனை மாதம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"மறுபடி போடுங்க" என்றாள்.

போட்டான். அந்த இடம் வந்தது, டிரம்ஸ் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் குச்சியின் டிரம்ஸ் நூல் பிசகாமல் வந்து சேர்ந்துகொண்டது.